ஐம்பதில் ஒன்று

போன வருஷ மாசிமகத்துக்கு
வைத்திக்குப்பம் கடற்கரையில் நான் எடுத்த ஆர்கெஸ்ட்ராவை
யாரும் முழுசாகப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன், மூன்று மணி நேரமும்.
டயலை ஆட்டோவில் வைத்துவிட்டு
மேடையைப் பார்த்துக் கட்டைவிரல் வேறு உயர்த்தியிருக்கிறேன்.

சிவப்பு எரிந்தால் அதை வெளுக்கப் பார்க்கிறது,
நீலம் வந்தால் நீலத்தை.
மேடை இருண்டால் பதறிப்போய்
எல்லாவற்றையும் தூக்கிக் காட்டுகிறது,
ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒதுங்கியவர் உட்பட.
மைக் ஸ்டாண்டு துல்லியம்.
முன்வரிசையில் குச்சி ஐஸ் சப்பும் பையனின் காது
துல்லியமோ துல்லியம்.

பாடுகிறவள் அஞ்சலாட்சி.
நோட்டீஸில் அஞ்சலி.
என் படத்தில் அவளுக்கு முகமே இல்லை.
சுண்ணாம்படித்த சுவரில் ஒரு பொட்டு,
அதன் கீழே
திறந்து திறந்து மூடும் வாய்.

அந்த வாரமே டயலை 'எம்'முக்குத் திருப்பினேன்.
திரை முழுக்கக் கறுப்பு.

முத்தியால்பேட்டை வீட்டில், பிள்ளைகள் தூங்கிய பிறகு,
ஜீரோ வாட் பல்பின் கீழ்
என் வீட்டுக்காரர் பூரிக்கட்டையை மைக்காகப் பிடித்துக்கொண்டு
சமையலறையிலிருந்து வாசலுக்கும்
வாசலிலிருந்து சமையலறைக்கும் நடந்தார்.
நான் வளையத்தைத் திருப்பியபடி
அவருடைய மூக்கைத் துரத்தினேன்.
"பாட்டு வேணாமா?" என்றார்.
வேண்டாம் என்றேன்.

எஃப் எண் சின்னதானால் வாய் பெரிசு,
எங்கள் தெருவில் சிலரைப் போல.
ஐ.எஸ்.ஓ. கடன்:
கேட்டதும் வெளிச்சம் கிடைக்கும்,
புள்ளி புள்ளியாக வட்டி கட்டணும்.
ஷட்டர் ஒரு நொடியில் ஐம்பதில் ஒன்று.
அதைத் தொடாதே என்று நோட்டில் எழுதி
இரண்டு கோடு போட்டேன்.

இந்த வருஷம்
முதல் பாட்டிலேயே தொடவேண்டி வந்தது.
விளக்குகளெல்லாம் ஜெனரேட்டரில்.
அது ஐம்பது என்று சொல்லிக்கொண்டு
நாற்பத்தெட்டில் ஓடுகிறது போல.
அஞ்சலாட்சியின் மேல் கறுப்புப் பட்டைகள்
ஏணிப்படி ஏணிப்படியாக ஏறுகின்றன.
நாற்பத்தெட்டுக்கு இறக்கினேன்.
பட்டைகள் நின்றன.
நான் மூச்சு விட்டேன்.
லென்ஸில் உப்பு பூத்திருந்தது.
முந்தானையால் துடைத்தேன். (துடைக்கக் கூடாது.)

ஸ்பாட் லைட் அவள் மேல் விழுந்ததும்
வெளுக்கப் போகும் இடமெல்லாம்
வரிக்குதிரைக் கோடுகள், நெற்றியில், மூக்கில்.
கோடுகள் மறையும்வரை
வாயைச் சுருக்கிக்கொண்டே வந்தேன்.
ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒன்று இருளில் போனது:
தோரணம், கீபோர்டு ழான்பாலின் முழங்கை,
விழாக் குழுத் தலைவர் கைகூப்பி நிற்கும்
இருபதடி பேனர்.
போகட்டும்.
கடைசியாக அவள் வந்தாள்.
கன்னத்தில் வியர்வை.
புருவத்தின் மேல் தழும்பு ஒன்று இருப்பதே
எனக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் ஸ்டுடியோவில் புஷ்பராஜ் அண்ணன்
"பேனர் எங்கம்மா?" என்றார்.
"கொஞ்சம் பிரைட் ஏத்து,
பாடுற பொண்ணு கறுப்பாத் தெரியுது."
"கறுப்புதாண்ணே."
மௌஸை அவர் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தேன்.

சாயங்காலம் அஞ்சலாட்சியே வந்தாள்.
ஹெட்போனை மாட்டிக்கொண்டு
கண்ணை மூடிக்கொண்டாள்.
நிறத்தையும் தழும்பையும்
நான் பட்ட பாட்டையும்
பார்க்கவேயில்லை.
"ரெண்டாவது சரணத்துல சுருதி விட்டுட்டேன், கவனிச்சீங்களா?"

எந்தப் பாட்டில்?
யோசித்துப் பார்க்கிறேன்,
ஒரு பாட்டும் ஞாபகத்தில் இல்லை.

ஹெட்போனை வாங்கி நானும் கேட்டேன்.
ஒலியை மட்டும்
ஆட்டோவிலேயே விட்டிருக்கிறேன்.
அவள் பாடும்போது அடங்கிக் கிடக்கிறது.
அவள் மூச்செடுக்கும் இடமெல்லாம்
மேடையேறி வருகிறது
கடல்.